தங்கச்சிக்கு, பூண்டு விஷயமாக

காரைக்கால்,
ஐப்பசி 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. உன் அத்தானுக்கு முழங்கால் வலி மழைக்கு மழை எட்டிப் பார்க்கிறது, மற்றபடி குறையில்லை. பெண்ணுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறதென்று எழுதியிருந்தாய். மசக்கை விட்டதா? சோறு இறங்குகிறதா? போனில் கேட்டால் "நல்லாயிருக்கேன் பெரியம்மா" என்று ஒரே பதில்தான் அவளிடமிருந்து வருகிறது, அதனால் உன்னைக் கேட்கிறேன்.

பூண்டு விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாய். எழுதினால் கையில் இருக்கும்.

நீ கேட்டது இவ்வளவுதான்: மாடியில் தொட்டி வைத்து, மருந்தடிக்காத பூண்டாக இப்போதே ஊன்றி வை, தைக்கு வரும்போது பெண்ணின் பிரசவப் பத்தியத்துக்கு எடுத்துப் போகிறேன். விதைக்கு வேண்டுமானால் இங்கே பிரான்ஸில் துலூஸிலிருந்து நல்ல பூண்டாகக் கொண்டு வரட்டுமா? இரண்டுக்கும் என் பதில் 'வேண்டாம்'. கோபித்துக்கொள்ளாமல் முழுக்கப் படி.

முதலில் நாள் கணக்கு. எந்த ஊரில் போட்டாலும் பூண்டு முற்ற நாலு மாதமாவது ஆகும். இன்றைக்கு ஊன்றினால் தையில் பாதி வளர்ந்த செடிதான் இருக்கும். அதைவிடப் பெரிய சங்கதி, நம் ஊரில் பூண்டு தாளாக வளரும், தலையாகத் திரளாது. பல்லை ஊன்றினால் நாலைந்து நாளில் பச்சையாக முளை காட்டும், ஒரு சாண் இரண்டு சாண் உயரும், பார்க்க ஆசையாக இருக்கும். பங்குனியில் நுனி காய்ந்ததும் பிடுங்கிப் பார்த்தால் அடியில் வெங்காயத்தாளுக்கு இருப்பதுபோலக் கொஞ்சம் தடித்த வெள்ளைத் தண்டு இருக்கும். அதிர்ஷ்டமிருந்தால் கோலிக்குண்டு அளவில் ஒற்றைப் பூண்டு. பல் பிரிந்திருக்காது.

ஏன் என்று நீ கேட்பாய், உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். பூண்டின் பூர்வீகம் மத்திய ஆசியா. பனி பெய்யும் மலைச்சரிவுகளில் குளிரைத் தாண்டிப் பிழைக்கப் பழகிய செடி. ஒவ்வொரு பல்லுக்குள்ளும் ஒரு முளை உறங்குகிறது. சில வாரம் நல்ல குளிர் பட்டால்தான் அதற்குக் குளிர்காலம் வந்து போனதென்று தெரியும். அதற்குப் பிறகு பகல் நீள நீள, வெயிலும் ஏற ஏற, இலைக் கக்கங்களில் பக்க முளைகள் கிளம்பி ஒவ்வொன்றும் ஒரு பல்லாகப் பருக்கும். குளிர் படவில்லையென்றால் அது இலையை மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும். நம் ஊரில் மார்கழி தையில்கூட விடியற்காலை 21, 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்குச் சால்வை தேவைப்படுகிற குளிர் பூண்டுக்குக் குளிரே இல்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு தெரியும் இல்லையா? பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி பக்கமெல்லாம் விளைவது, 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. சின்னதாக, காரமாக, உரித்த கையில் மறுநாள் வரை வாசம் நிற்கும். தேசப்படத்தை எடுத்துப் பார். காரைக்காலும் பூம்பாறையும் ஏறக்குறைய ஒரே கோட்டில், நிலநடுக்கோட்டிலிருந்து 10, 11 டிகிரி வடக்கே இருக்கின்றன. அங்கே உதிக்கிற சூரியன்தான் இங்கேயும். இரண்டு ஊரிலும் ஆனி மாதம் மிக நீண்ட பகல் 12 மணி 45 நிமிடத்துக்கு அந்தண்டை போகாது. வித்தியாசமெல்லாம் உயரத்தில். பூம்பாறை கடலிலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டுக்கொள். நம் கடற்கரையில் வியர்க்கிற ராத்திரியில் அங்கே கம்பளி போட்டுத் தூங்குவார்கள். அந்தக் குளிர் இருப்பதால்தான் நீண்ட பகல் இல்லாமலேயே பூண்டு அங்கே பல் பிரிகிறது. வைகாசியை ஒட்டி ஒரு போகம், கார்த்திகையை ஒட்டி ஒரு போகம் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை போடுகிறார்கள். நீலகிரியிலும் இப்படித்தான், அறுவடையெல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும்.

மொட்டை மாடியில் ஒரு பூண்டிலிருந்து ஒரு கூடைப் பூண்டு என்று போன் முழுக்க வீடியோ வருகிறது. அவர்கள் பிடுங்கிக் காட்டும் பூண்டில் மண்கூட ஒட்டியிருப்பதில்லை. இந்தூரிலோ சிம்லாவிலோ இருக்கிறவர் செய்து காட்டினால் நம்பலாம். நம் கடலோரத்தில் இருந்துகொண்டு காட்டினால் கடைப் பூண்டைப் புதைத்து எடுத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

இனி விதை கொண்டு வருகிற பேச்சு. வெளிநாட்டிலிருந்து நடுவதற்கென்று பூண்டு கொண்டு வர முன் அனுமதியும் அந்த ஊர் அரசாங்கத்தின் சான்றிதழும் வேண்டும், 2003இல் போட்ட ஆணை அது. பயிர் நோய் ஏறி வந்துவிடக் கூடாது என்ற பயம். சீனப் பூண்டை 2014இலிருந்து நம் நாட்டுக்குள் விடாததற்கும் பூஞ்சைத் தொற்றைத்தான் காரணமாகச் சொன்னார்கள். இங்கேயிருந்து நீ பச்சைப் பூண்டு எடுத்துப் போவதும் அதே கதைதான். 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பாவுக்குள் வாழை, அன்னாசி, தேங்காய் மாதிரி நாலைந்து பொருள் தவிர மற்றப் பச்சைக் காய்கறி எதற்கும் சான்றிதழ் கேட்கிறார்கள். பெட்டியைத் திறந்து குப்பையில் போட்டால் நமக்குத்தான் வயிறெரியும்.

அதுவும் போகட்டும், நீ குடியிருக்கிற ஊர் எது? துலூஸ். அதற்குக் கிழக்கே லோத்ரெக். அங்கே விளையும் ரோஜா நிறப் பூண்டுக்கு 1966லேயே தரச் சிவப்பு முத்திரை, 1996இல் ஊர்ப்பெயர்க் காப்பு. மேற்கே காதூர், அங்கே ஊதாப் பூண்டு, 2017இல் ஐரோப்பாவின் பிறப்பிடச் சான்று. இன்னும் கொஞ்சம் தள்ளி லொமாஞ்யின் வெள்ளைப் பூண்டு. மூன்று பக்கமும் பூண்டு விளைகிற பூமியில் உட்கார்ந்துகொண்டு காரைக்கால் மாடிப் பூண்டைக் கேட்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

ஆகவே தொட்டியில் பூண்டு போட வேண்டியவள் நீ. உன் பால்கனிதான் அதற்கு ஏற்ற இடம். தைக் குளிரில் உங்கள் ஊரில் ராத்திரி இரண்டு மூன்று டிகிரிக்கு இறங்குகிறது, ஆனியில் பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது, பூண்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஊதாப் பூண்டை இந்த மாதமே ஊன்று. ரோஜாப் பூண்டுக்கு இன்னும் சமயமிருக்கிறது, டிசம்பர் முழுக்கப் போடலாம். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியதைப் போடாதே. அது எந்த நாட்டுச் சரக்கோ, முளைக்காமலிருக்க என்ன செய்தார்களோ. செடி விற்கிற கடையில் நடுவதற்கென்றே தனியாகப் பை போட்டு விற்பார்கள். பூண்டு விதை விட்டு வளர்கிற பயிரில்லை, பல்லிலிருந்து பல்லாகவே தலைமுறை தலைமுறையாக வருவது. அதனால் தாயிடம் வைரஸ் இருந்தால் பிள்ளைக்கும் அப்படியே வரும். நடவுப் பூண்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது அதற்காகத்தான்.

தொட்டி ஒரு முழம் ஆழம் வேண்டாம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகமாக, 25 சென்டிமீட்டர் இருந்தால் போதும். அடியில் ஓட்டை கட்டாயம். பல்லை அன்றைக்கே பிரி, முந்தின வாரமே பிரித்து வைத்தால் வேர்த்தட்டு காய்ந்துவிடும். தோலை உரிக்காதே. வெளி வரிசையில் இருக்கிற தடித்த பல்லை நடு, நடுவிலிருக்கும் சோனிப் பல்லைக் குழம்பில் போடு. தட்டையான அடி கீழே, கூர் மேலே, இரண்டு விரற்கடை ஆழத்தில், ஒன்றுக்கொன்று நாலு விரல் இடம் விட்டு. குளிர்காலம் முழுக்க அதை மறந்துவிடலாம், மழையே பார்த்துக்கொள்ளும். மார்ச்சுக்கு மேல் தண்ணீர் கேட்கும். ரோஜாப் பூண்டு மே மாதத்தில் நடுவிலிருந்து ஒரு பூந்தண்டை நீட்டும். அதைக் கிள்ளிவிடு, இல்லாவிட்டால் சத்தெல்லாம் அதற்குப் போய்விடும். கிள்ளிய தண்டைப் பொரியல் செய்யலாம், கொத்தவரங்காய் மாதிரி நறுக்கி. அடியிலை மூன்று நாலு பழுத்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பிடுங்கு. நிழலில் தலைகீழாகத் தொங்கவிடு.

இது பங்குனிக்கு வராது, ஜூனில்தான் வரும். ஆனால் அப்போது பேரப்பிள்ளைக்கு மூன்று மாதம், பால் குடிக்கிற பிள்ளைதானே? நடுப் பத்தியத்துக்கு உதவும். முதல் நாற்பது நாளுக்கு லோத்ரெக்காரர்கள் கட்டி விற்கும் பூண்டுக் கொத்து ஒன்றை இப்போதே வாங்கி, காற்றாடும் இடத்தில் மாட்டி வை. நன்றாகக் காய்ந்த மலைப்பூண்டு மாதிரியே அதுவும் மாதக்கணக்கில் தாங்கும். பிரிட்ஜில் மட்டும் வைக்காதே, குளிர் பட்டுச் சீக்கிரம் முளைத்துவிடும்.

சரி, நம் மாடிக்கு வருகிறேன். தலை வராது என்று சொல்லிவிட்டு இவள் என்னத்தை வளர்க்கிறாள் என்று கேட்பாய். தாளுக்காக வளர்க்கிறேன். அம்மா ஐப்பசி அடைமழையில் பூண்டுக் கூடையில் முளைவிட்ட பல்லையெல்லாம் பொறுக்கி, மழை ஓய்ந்ததும் கிணற்றடித் தொட்டியில் ஊன்றி வைப்பாள், ஞாபகம் இருக்கும். கீழே ஒன்றும் வராதென்று அவளுக்குத் தெரியும். மேலே வருவதைக் கிள்ளி அடை மாவில் போடத்தான் ஊன்றினாள். குஜராத்தில் இந்தப் பச்சைப் பூண்டுக்குக் குளிர்காலம் முழுக்க மார்க்கெட்டில் தனி மவுசு, உந்தியூ என்ற அவர்கள் காய்கறிக் கூட்டு அதில்லாமல் ஆகாது. நம் பக்கம் அதை விலை கொடுத்து வாங்க ஆளில்லை, அதனால் விற்பாருமில்லை. வீட்டில் போட்டால்தான் உண்டு.

தொட்டி வாங்கிக் காசைக் கொட்டவில்லை. மீன் வருகிற தெர்மகோல் பெட்டிதான். துறைமுகத்தில் ஐஸும் மீனும் அடைத்து வண்டி ஏற்றுவார்களே, அதில் மூலை உடைந்தது, மூடி தொலைந்தது என்று ஒதுக்கிப் போட்டதைக் கேட்டால் கிளிஞ்சல்மேட்டிலிருந்து நமக்கு மீன் கொண்டு வரும் அம்மாவே சும்மாட்டின் மேல் வைத்துக் கொண்டு வந்து கொடுத்துவிடுவாள். பிளாஸ்டிக் வாளி மாடிச் சூட்டில் வேரை வேகவைத்துவிடுகிறது. தெர்மகோலில் சூடு உள்ளே இறங்குவதில்லை. ஆனால் மீன் கவிச்சி போகக் கழுவுவதைவிட உப்புப் போகக் கழுவுவது முக்கியம். மழையில் நாலு நாள் திறந்து போட்டுவிட்டால் இரண்டும் போய்விடும். அடியில் கம்பியைச் சுட்டு ஆறேழு ஓட்டை, கீழே இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி வைக்கிறேன், தண்ணீர் வடிய.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நம் வயல் மண் காவிரி கொண்டு வந்து சேர்த்த வண்டல், நெல்லுக்கு அது சொர்க்கம். தொட்டியில் போட்டால் ஈரத்தில் சேறு, காய்ந்தால் ஓடு. பூண்டு வேர் மேலாகவே ஓடுகிற ஜாதி, அதனால் இறுகிய மண்ணில் ஒன்றும் செய்ய முடியாது. செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாண எரு ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மேலே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் கலக்க வேண்டும், அதிலும் உப்பு இருக்கிறது. கடற்கரை மணலை அள்ளிக் கலந்தால் இலேசாக இருக்குமே என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். உப்பு மணலில் வெங்காய ஜாதி எதுவுமே தாங்காது என்று சொல்லித் தடுத்தேன்.

தண்ணீரும் அப்படித்தான். நம் வீட்டுக் கைப்பம்புத் தண்ணீர் உனக்கு மறந்திருக்காது, சோப்பு நுரைக்காது. அதை ஊற்றினால் மண் தொட்டியின் வெளிப்பக்கத்தில் வெள்ளையாகப் பூக்கும், அதே உப்பு உள்ளே வேரையும் பிடித்துக்கொண்டிருக்கும். பூண்டும் வெங்காயமும் உப்புக்கு முதலில் சுருளுகிற பயிர், நுனி மஞ்சளாகி உள்ளே உள்ளே காய்ந்து வரும். அதற்காகத்தான் இப்போது பெய்கிற மழையை மாடிக் குழாயடியில் நீல டிரம் இரண்டில் பிடித்து மூடி வைத்திருக்கிறேன். கொசு வராமல் மேலே துணி கட்டியிருக்கிறது. மார்கழி, தை இரண்டு மாதத்துக்குப் பெட்டிகளுக்கு அது போதும். தீர்ந்தால் குழாய்த் தண்ணீர்.

இன்னும் ஊன்றவில்லை. ஐப்பசி கார்த்திகையில் போட்டால் நம் மழையில் பல் அழுகிப் போகும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிற காலத்தில் தெர்மகோல் பெட்டியை மாடியில் விட்டால் அது திருமலைராயன்பட்டினத்துக்குப் போய்ச் சேரும். மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கியதும் ஊன்றுவேன். தாளுக்கென்றால் இடைவெளி தேவையில்லை, இரண்டு விரல் தள்ளி நெருக்கமாகவே நடலாம், சின்னப் பல், முளைவிட்ட பல் எல்லாம் உதவும். மூன்று வாரத்தில் ஒரு சாண் வரும். கத்தரிக்கோலால் அடியில் இரண்டு விரற்கடை விட்டு வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். இரண்டு மூன்று வெட்டுக்குப் பிறகு பல்லில் இருந்த சத்தெல்லாம் தீர்ந்து தாள் நூலாக மெலிந்துவிடும். அப்போது பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போக வேண்டியதுதான். அதனால் ஒரே நாளில் எல்லாப் பெட்டியிலும் ஊன்றாமல் பத்து நாளைக்கு ஒன்றாக ஊன்றுவது நல்லது.

மாசி பிறந்து காற்று காய ஆரம்பித்ததும் இலைப்பேன் வரும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. தாளில் வெள்ளி வரி வரியாகச் சுரண்டியது போலத் தெரிந்தால் அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் அடித்துவிட்டால் அடங்கும். செருமாவிலங்கை வேளாண் கல்லூரியில் படித்த எதிர்வீட்டுப் பையன் அதைவிட எளிதாக ஒன்று சொன்னான், காலையில் தண்ணீரைப் பீய்ச்சித் தாளைக் கழுவிவிடுங்கள் பெரியம்மா என்று. அதுவும் கேட்கிறது. பங்குனியில் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான், அதற்கு மேல் மாடியில் பூண்டு நிற்காது.

வெட்டிய தாளை நீ வரும்போது சாப்பிட்டுப் பார். இறாலை மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டு வதக்கி இறக்கும்போது ஒரு கைப்பிடி தூவிக் கிளறினால் பூண்டு வாசம் இருக்கும், அந்தக் காரமும் கசப்பும் இருக்காது. முட்டையில், அடையில், தேங்காய்த் துவையலில் எல்லாம் போடலாம். சாம்பாரில் மட்டும் போடாதே, வெந்து வாசமில்லாமல் போகும். பூண்டுக்கு வாசமே நறுக்கும்போதும் நசுக்கும்போதும்தான் பிறக்கிறது. முழுப் பல்லில் ஒன்றும் தெரியாது, கத்தி பட்டதும் உள்ளே தனித்தனியாக இருந்த இரண்டு பொருள் கலந்து மூக்கில் ஏறும். தாளிலும் அதேதான். அதனால் கடைசி நிமிடத்தில் நறுக்கு.

தலைப் பூண்டு வர வைத்தே தீருவேன் என்று உன் அத்தான் ஒரு பக்கம் கிளம்பியிருக்கிறார். குளிர்தானே குறை, குளிரைக் கொடுத்துவிடுவோம் என்று ஐப்பசி பிறந்ததும் மலைப்பூண்டு கால் கிலோவைக் காகிதப் பையில் போட்டு பிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்துவிட்டார். யோசனையில் தப்பில்லை. வெப்ப நாடுகளில் நட்டுப் பார்க்கிறவர்கள் இப்படி ஆறிலிருந்து எட்டு வாரம் ஐந்து டிகிரியை ஒட்டிய குளிரில் விதைப் பூண்டை வைத்து எடுத்து நடுவது உண்டு. பிளாஸ்டிக் பையில் வைத்தால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும், ஆகவே காகிதம். மார்கழியில் எடுத்து ஊன்றுவாராம். பல் பிரியலாம். ஆனால் பருக்க வேண்டிய சமயம் மாசி பங்குனி, அப்போது நம் வெயில் 33, 34க்கு ஏறித் தாளைக் காய வைத்துவிடும். நெல்லிக்காய் அளவு வந்தால் அதிகம். என் தயிரிலும் நறுக்கி வைத்த பூசணியிலும் பூண்டு வாசம் அடிப்பதுதான் இதுவரை கண்ட பலன். 2024 ஜனவரி, பிப்ரவரியில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டி விற்றதே, அந்த ஆத்திரம் அவருக்கு இன்னும் அடங்கவில்லை. மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் பக்கம் விளைச்சல் குறைந்தால் நம் மளிகைக்கடையில் விலை ஏறுகிறது. அதற்கு நம் மாடி ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பத்தியத்தைப் பற்றி உன் மனதில் இருப்பது தெரியும். அங்கே டாக்டர் என்ன சொல்வாரோ, மாப்பிள்ளை வீட்டார் பூண்டு வாசத்துக்கு முகம் சுளிப்பார்களோ என்று எழுதியிருந்தாய். பூண்டுக்கும் தாய்ப்பாலுக்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவில் மெனெல்லா, போசாம்ப் என்ற இருவர் சோதித்து 1991இல் எழுதியிருக்கிறார்கள். தாய்மார்களுக்குப் பூண்டு கொடுத்து, இரண்டு மணி நேரம் போலக் கழித்துப் பாலை முகர்ந்து பார்த்தால் அதில் பூண்டு வாசம் தூக்கலாக இருந்ததாம். வாசம் வந்த பாலைப் பிள்ளைகள் வேண்டாமென்று ஒதுக்கவில்லை. வழக்கத்தைவிடக் கூட நேரம் மார்பைப் பிடித்துக்கொண்டு குடித்தன. பால் அதிகம் ஊறிற்று என்று அவர்கள் சொல்லவில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் பிள்ளை அதிக நேரம் பிடித்தால் பால் ஊறும் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல், நம் பாட்டி சொன்னாள் என்பதைவிட எடுபடும்.

பூண்டுப் பாலுக்கு எட்டு பல், அரை டம்ளர் பால், அரை டம்ளர் தண்ணீர், பல் மசியும் வரை சிறு தீயில். இனிப்புக்குப் பனங்கற்கண்டு நான் தருகிறேன். பூண்டுக் குழம்பில் மிளகு தூக்கலாக இருக்கட்டும், புளி குறைவாக. ஆபரேஷன் ஆகி ரத்தம் உறையாமலிருக்க ஊசி ஏதும் போட்டால் அந்த நாட்களில் மட்டும் பூண்டை மருந்து போல அள்ளிக் கொடுக்காதே, டாக்டரைக் கேட்டுச் செய். பால் சுறா புட்டு வேண்டுமென்று பெண் இப்போதே சொல்கிறாளாம். எனக்கும் அதைச் செய்து போட ஆசைதான். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலைச் சுரண்டி, பிழிந்து உதிர்த்து, நாலு பங்கு சுறாவுக்கு ஒரு பங்கு நசுக்கிய பூண்டு போட்டு வதக்கினால் தெருவே மணக்கும். ஆனால் பாதரசம் இருக்கிறதென்று பிரான்ஸில் கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் சுறாவை விலக்கச் சொல்கிறார்கள். அதில் பிடிவாதம் பிடிக்காதே. வெள்ளைச் சதையுள்ள வேறு மீனில் அதே பக்குவத்தில் செய்து கொடு, ருசிக்குக் காரணம் முக்கால்வாசி பூண்டும் கறிவேப்பிலையும்தான்.

தைக்கு வரும்போது பெட்டியில் இடம் விட்டு வா. பூண்டுக்குப் பதிலாகத் தாளிப்பு வடகம் தருகிறேன், போன சித்திரை வெயிலில் போட்டது. சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைத்த அதே வடகம். காய்ந்த சரக்கு, பச்சைக் காய்கறிச் சான்றிதழ் இதற்குத் தேவையில்லை. உன் ஊர்க் கடைகளில் இதையே வதுவான் என்று பெயர் போட்டுச் சின்ன புட்டியில் யானை விலைக்கு விற்பதாக நீதான் சொன்னாய். இரண்டு கிலோ எடுத்து வைக்கட்டுமா, மூன்றா? மாப்பிள்ளை வீட்டாருக்கும் கொடுப்பதென்றால் மூன்று. டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, சென்னையிலிருந்து வண்டி சொல்ல வேண்டும்.

பெண்ணைக் குளிரில் பால்கனிப் பக்கம் விடாதே, பல் ஊன்றுகிற வேலையை நீயே செய். உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் அக்கா